சபை கொடுத்த கை

ஏப்ரல் மழை மூன்று நாளாக விடாமல் பெய்துகொண்டிருந்தது. வெஸ்லி பெண்டில் மழை என்றால் மேலிருந்து விழுவது பாதி, மண்ணிலிருந்து ஏறி வருவது பாதி. மீன் ஆலைக்குப் பின்னால் கெளுத்திக் குளங்கள் கண்ணுக்கெட்டிய தூரம் வரை சதுரம் சதுரமாகக் கிடந்தன. அவற்றுக்கு மேலே மழையில் நனைந்த கொக்குகள், யாரோ மறந்து விட்டுப்போன துணிகளைப் போல அசையாமல் நின்றன. மிசிசிப்பி டெல்டாவின் களிமண் பிடித்தால் விடாது. வேலைக்கு வரும் பெண்கள் காலணியைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிவந்து, வாசலில் ரப்பர் பூட்ஸுக்குள் காலை நுழைத்தார்கள்.

அது 2004ஆம் வருடம். வெர்லீன் அந்த ஆலையில் பதினாறு வருடமாகக் கத்தி பிடித்தவள். தலையும் குடலும் நீங்கிய கெளுத்தி பெல்ட்டில் வழுக்கிக்கொண்டு அவள் முன்னால் வரும். இடது கையில் கம்பிவலைக் கையுறை. வலது கையில் கத்தி. முள்ளை ஒட்டி ஓர் இழுப்பு, திருப்பிப் போட்டு இன்னோர் இழுப்பு. இரண்டு துண்டம் சதை ஒரு பக்கம், முள் ஒரு பக்கம். அதற்குள் அடுத்த மீன் வந்துவிடும். நிமிடத்துக்குப் பத்து, பன்னிரண்டு. கழிப்பறைக்குப் போக மேஸ்திரி விசில் ஊத வேண்டும். அந்த மேஸ்திரி இருபத்து நான்கு வயதுப் பையன். அவன் பெயருக்குப் பின்னால் ஒரு கல்லூரிப் படிப்பு இருந்தது. வெர்லீனுக்குப் படிப்பின் மீது இருந்த மரியாதை அந்த விசிலிலிருந்து வந்தது.

சனிக்கிழமை அரை நேர வேலை. பக்கத்தில் நின்று வெட்டிக்கொண்டிருந்த யூலா டீன் ஆரம்பித்தாள்.

"என்ன வெர்லீன், மூஞ்சிய இப்படித் தூக்கி வச்சிருக்க? மகன் கோடீஸ்வரனாகப் போறான். கொஞ்சம் சிரிச்சாதான் என்ன?"

"மீனப் பாத்து வெட்டு. விரல் துண்டத்தோட போயிரும்."

"டிவில சொல்றாங்களே, கூடைப்பந்து லீக்குல மொத பத்துப் பேருக்குள்ள எடுப்பாங்கன்னு. பள்ளிக்கூடத்துலேருந்து நேரா லீக்கு. நம்ம ஊர்ல யாருக்கு இது கெடச்சிருக்கு?"

"அவன் காலேஜுக்குப் போறான். திங்கக்கிழமை கோச் வர்றார். கையெழுத்துப் போடுறான்."

"இது அவன் சொன்னதா, நீ சொன்னதா?"

வெர்லீன் அடுத்த மீனை இழுத்தாள். எதிர்ப்பக்கம் நின்ற பெண் ஒருத்தி முகமூடிக்குள் சிரிப்பது கண்ணில் தெரிந்தது.

"சொல்ல மாட்டியா? சொல்லாத. நாங்கல்லாம் சபையா சேந்து உன் கையச் சரி பண்ணிக் குடுத்தோம். அந்தக் கையாலதான் இப்ப நீ எங்கள விட வேகமா வெட்டுற. எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

இரண்டு வருடமாக யூலா டீன் இதைச் சொல்லிக்கொண்டிருந்தாள். மாதத்துக்கு ஒரு தடவையாவது. வெர்லீன் ஒவ்வொரு தடவையும் விழுங்கிக்கொள்வாள். விழுங்காமல் என்ன செய்வது, உண்மைதானே.

இரண்டு வருடத்துக்கு முன்னால் அவளுடைய இரண்டு மணிக்கட்டும் செத்துப்போயிருந்தன. சட்டைப் பொத்தானைப் போட முடியாது. காபிக் கோப்பையை இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்தால்தான் நிற்கும். ஆலையின் டாக்டர், வீட்டில் கம்பளி பின்னும் பழக்கம் உண்டா என்று கேட்டார். இல்லை என்றாள். இருந்தும் இது வேலையால் வந்தது இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார். அப்போதுதான் மவுண்ட் பிஸ்கா தேவாலயச் சபையின் காரியங்களைப் பார்க்கும் டீக்கன் பிளெட்சோ ஒரு கவரோடு வந்தார். ஜாக்சன் நகரத்து ஆஸ்பத்திரியில் எல்லாம் ஏற்பாடு ஆகிவிட்டது, சபைச் சகோதரர்கள் சத்தமில்லாமல் சேர்த்த காணிக்கை, பெயர் வேண்டாம் என்றார்கள், நீயும் எதுவும் பேச வேண்டாம் என்றார்.

பேசாமல் இருப்பது எப்படி? நல்லது ஒன்று நடந்தால் அடுத்த ஞாயிறு எழுந்து நின்று சாட்சி சொல்ல வேண்டும். மவுண்ட் பிஸ்காவில் அது மூச்சு விடுவது மாதிரி. வெர்லீன் இரண்டு கையிலும் கட்டோடு எழுந்து நின்றாள். இந்தக் கைகளை எனக்குத் திருப்பிக் கொடுத்தது இந்தச் சபை என்றாள். எல்லா வரிசையிலிருந்தும் ஆமென் வந்தது. டீக்கன் பிளெட்சோ மட்டும் குனிந்து ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தார்.

சபை கொடுத்தால் அது வேறு. வெளியார் கொடுத்தால் அவள் வாங்கமாட்டாள். மகன் டெமெட்ரிக் எட்டாம் வகுப்பில் ஆறடியைத் தாண்டிய நாளிலிருந்து வாசலுக்கு என்னென்னவோ வந்தன. விளையாட்டு ஷூக்கள், கிறிஸ்துமஸுக்கு முழுப் பன்றித் தொடை, ஒரு தடவை லாரியில் ஃப்ரீசரே வந்தது. எல்லாவற்றையும் திருப்பி அனுப்பினாள். ஆட்டக்காரனோ அவன் குடும்பமோ லீக்கில் பேரம் பேசித்தரும் ஏஜென்டிடமிருந்து எதையாவது வாங்கினால் அவன் கல்லூரி அணியில் ஆட முடியாது. பள்ளிக்கூடத்தில் கொடுத்த அந்த விதித் தாளை அவள் சமையலறை அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டி வைத்திருந்தாள். உப்பை எடுக்கும்போதெல்லாம் கண்ணில் படும்.

*

வீட்டுக்கு வந்தபோது தம்பி கோர்டலின் லாரி முற்றத்துச் சேற்றில் பாதிச் சக்கரம் புதைந்து நின்றது. அவன் அடுப்பருகே நின்று அவள் காலையில் வைத்துவிட்டுப் போன கீரையும் பன்றிக் கழுத்தெலும்பும் கொதித்த சட்டியைக் கிளறிக்கொண்டிருந்தான். குளங்களில் வலை இழுக்கும் கூட்டத்தில் அவனுக்கு வேலை. அவன் நின்ற இடத்தில் குளத்துத் தண்ணீர் சொட்டியிருந்தது.

"ஏன்டா, உன் வீட்டுல அடுப்பு இல்லியா?"

"இருக்கு. அதுல ஒண்ணும் கொதிக்கலக்கா."

மேசையில் டெமெட்ரிக் உட்கார்ந்திருந்தான். பதினெட்டு வயது, ஆறடி பத்து அங்குலம். அந்த வீட்டில் அவன் எங்கே உட்கார்ந்தாலும் யாரோ பெரிய ஆளை மடக்கி வைத்த மாதிரி இருக்கும். அவன் முன்னால் பல்கலைக்கழகத்தின் சிவப்புத் தொப்பி கிடந்தது. திங்கட்கிழமை பள்ளி ஜிம்மில், ஊர் பார்க்க, அவன் அதைத் தலையில் வைக்க வேண்டும்.

"அம்மா, நான் திங்கக்கிழமை கையெழுத்துப் போடல."

வெர்லீன் ஈரக் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். சோளரொட்டிக்கு மாவை எடுத்தாள். முட்டையை உடைத்தாள். அதற்குப் பிறகுதான் பேசினாள்.

"இது யாரு பேச்சு? இந்தா நிக்கிறானே, இவன் பேச்சா?"

"என் பேச்சுதான்."

"அவன் பேச்சா இருந்தாலும் என்ன தப்பு?" என்றான் கோர்டல். "நான் காலேஜுல ஆடுனேன்ல. ரெண்டு வருஷம். மைதானம் நெறைய கூட்டம், என் நம்பர் போட்ட சட்டைய வித்தான், எனக்குச் சோறு போட்டான். முழங்கால் போச்சு. மறு மாசம் என் கட்டில எடுத்து வெளிய போட்டான். காலேஜ் என் காலத் தின்னுட்டு மிச்சத்தத் துப்பிருச்சுக்கா. துப்புனத நீதான் பஸ் ஸ்டாண்டுலேருந்து கூட்டிட்டு வந்த."

"நீ வகுப்புக்குப் போயிருந்தா கால் போனாலும் தலை மிஞ்சிருக்கும். ஒரு நாள் போனியா? கேக்குறேன், ஒரு நாள்?"

"காலைல நாலு மணிக்கு ஓட விடுவான். வகுப்புல தூங்குறதுக்குப் போகணுமா?"

"இவன் கால் நாளைக்கே லீக்குல போனா? முப்பது வயசு ஆம்பளைங்க, சுவர் மாதிரி. இவன் எலும்பு இன்னும் முத்தல. ரெண்டு வருஷம் பெஞ்சுல உக்கார வச்சு, வேண்டாம்னு சொல்லிட்டா? பள்ளிக்கூடச் சர்டிபிகேட்டோட இங்க வந்து என் பக்கத்துல நின்னு மீன் வெட்டுவானா? பெல்ட் இவன் முட்டிக்குத்தான் வரும்."

டெமெட்ரிக் தொப்பியின் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தான். "காலேஜுலயும் பெஞ்சுல உக்கார வைப்பாங்கம்மா."

"உக்கார வச்சாலும் படிக்க வைப்பான். உனக்குக் காசு ஆசை பிடிச்சிருச்சு. அத நேரா சொல்லு. அந்த ஏஜென்ட், அட்லாண்டாக்காரன், கார்ல உக்காந்தியே போன மாசம், ஊரே பாத்துச்சு. தோல் சீட்டு நல்லா இருந்துச்சா?"

"அம்மா."

"உன் முப்பாட்டன ஆத்தங்கரை அடிமைச் சந்தைல நிக்க வச்சு, பல்லப் பாத்து, தோளத் தட்டிப் பாத்து வெல பேசுனாங்க. அவன் கையில சங்கிலி இருந்துச்சு. உன் கையில என்ன இருக்கு? நீயே நடந்து போற."

டெமெட்ரிக் எழுந்தான். எழும்போது தலையை விளக்கில் இடித்துக்கொண்டான். இடித்த விளக்கு ஆட, மூன்று பேர் நிழலும் சுவரில் ஆடின.

கோர்டல்தான் கரண்டியைக் கீழே எறிந்தான்.

"இன்னும் ஒரு வார்த்தை அவனச் சொன்னேன்னா நல்லா இருக்காது. அவன் விலை போனது உனக்காக. உன் கையப் பாருக்கா. நல்லாப் பாரு. மாவு பெசையுதே, அந்தக் கைய."

"மாமா, வேணாம்," என்றான் டெமெட்ரிக்.

"என் கைக்கு என்ன?"

"அது சபை குடுத்ததுன்னு நீ நெனச்சுட்டிருக்க. மவுண்ட் பிஸ்கா சபை கூரை ஒழுகுறதுக்கே தகரம் வாங்க வக்கில்லாம கெடந்துச்சு. ஜாக்சன்ல ரெண்டு கைக்கும் ஆபரேஷன் பண்ணிக் குடுக்குமா? குடுத்தது அட்லாண்டாக்காரன். கொண்டுவந்தது பிளெட்சோ. நடுவுல பேசுனது நான்."

வெர்லீனின் கை மாவுக்குள் அப்படியே நின்றது. அவள் மகனைப் பார்த்தாள்.

"உனக்குத் தெரியுமா?"

"பதினாறு வயசும்மா எனக்கு. நீ காபிக் கோப்பைய ரெண்டு கையால பிடிச்சிட்டிருந்த. அந்தாளு கேட்டான். சரின்னேன்."

"சரின்னா காலேஜ் போச்சுன்னு தெரியுமா?"

"அலமாரிக் கதவுலதான ஒட்டி வச்சிருக்க," என்றான் அவன். "தினம் படிச்சிருக்கேன்."

*

மழை தூறலாகியிருந்தது. வெளிச்சம் இன்னும் இருந்தது. டீக்கன் பிளெட்சோ பள்ளிக்கூட பஸ் ஓட்டுபவர். சனிக்கிழமை மாலை தன் கொட்டகையில் பஸ்ஸின் உள்பக்கத்தைக் கழுவிக்கொண்டிருப்பார். வெர்லீன் மாவு காய்ந்த கையோடு பஸ் படியில் ஏறினாள்.

"வா சிஸ்டர். காலப் பாத்து வை, வழுக்கும்."

"யாரு காசு டீக்கன்?"

அவர் துடைப்பத்தை நிறுத்தினார். எந்தக் காசு என்று கேட்கவில்லை. அதிலேயே அவளுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது.

"நீ வெளியாள்கிட்ட வாங்க மாட்ட. கை விழுந்து கெடக்குது. சபைன்னு சொன்னா வாங்குவ. அதனால சபைன்னேன். பொய்தான். நல்லதுக்குச் சொன்ன பொய்."

"நான் எந்திருச்சு சாட்சி சொன்னேன். கடவுள் சந்நிதில."

"சொல்லாதன்னு சொன்னேன்ல. கேட்டியா? நீ வாயத் தொறந்ததும் எனக்கு உசிரே இல்ல. யாராவது எந்திருச்சு, நான் குடுக்கலியே, யார் குடுத்தாங்கன்னு கேப்பாங்கன்னு பயந்து கெடந்தேன். ஒருத்தர் கேக்கல. ஒவ்வொரு பெஞ்சும் பின் பெஞ்சு குடுத்துச்சுன்னு நெனச்சுக்கிச்சு. எல்லாரும் ஆமென் சொல்லிட்டாங்க."

"உங்களுக்கு என்ன குடுத்தான்?"

"எனக்கு ஒண்ணுமில்ல. சபைக்கு ஆர்கன் வந்துச்சு."

அந்த வருடம் ஈஸ்டருக்கு வந்த புதிய ஆர்கன் வாத்தியத்தை வெர்லீனே பூ வைத்து வரவேற்றிருந்தாள். அவள் பஸ்ஸின் முதல் சீட்டில் உட்கார்ந்தாள். சீட்டு ஈரமாக இருந்தது.

"இப்ப கேளு," என்று அவர் குரலைத் தாழ்த்தினார். "பையன் காலேஜுக்குப் போனா அந்தாளு ஒரே ஒரு போன் பண்ணுவான். பையன் ஆடுன ஆட்டம் அத்தனையும் செல்லாதுன்னு அழிச்சிருவாங்க. பேப்பர்ல பேரு நாறும். அந்தாளு கூடவே லீக்குக்குப் போனா யாருக்கும் எதுவும் தெரியாது. உன் மானமும் மிஞ்சும், சபை மானமும் மிஞ்சும்."

"அந்தாளு கூட எத்தன வருஷம்?"

"பையன் ஆடுற வரைக்கும்னு வச்சுக்கோயேன்."

"இந்த ரகசியம் நம்ம வாய்லயே இருக்கற வரைக்கும்னு சொல்லுங்க."

அவர் துடைப்பத்தை மறுபடி எடுத்தார். "சிஸ்டர், வீட்டுக்குப் போய்ச் சோறு ஆக்கு. இத ஆறப் போடு."

"நாளைக்குக் காலைல ஆறப் போடுறேன்," என்று சொல்லிவிட்டு இறங்கினாள்.

*

ஞாயிறன்று வெயில் வந்துவிட்டது. சபைக்குள் ஈரத் துணியும் தலைக்குப் பூசும் எண்ணெயும் சேர்ந்த வாசனை. விசிறிகள் அசைந்தன. டெமெட்ரிக் கடைசி பெஞ்சில், மாமனோடு. வீட்டில் நேற்று மாலையிலிருந்து யாரும் யாரோடும் பேசவில்லை. கீரைச் சட்டி அடிப்பிடித்ததுகூட யாருக்கும் தெரியவில்லை.

சாட்சி நேரம் வந்தது. வெர்லீன் எழுந்தாள். ஆர்கன்காரர் வழக்கம்போல அடியில் மெல்லிய ஒரு நாதத்தை இழுத்துப் பிடித்தார்.

"அத நிறுத்துங்க," என்றாள் வெர்லீன். "அதுவும் இதுல சேத்திதான்."

நாதம் அறுந்தது.

"ரெண்டு வருஷத்துக்கு முன்னால இங்க நின்னு ஒரு சாட்சி சொன்னேன். அது பொய்ச் சாட்சி. எனக்குத் தெரியாது, ஆனா பொய். என் கைக்குச் சபை குடுக்கல. என் மகன வாங்குறதுக்கு அட்லாண்டாலேருந்து ஒரு ஏஜென்ட் குடுத்தான். கொண்டுவந்து குடுத்தவர் முன் வரிசையில உக்காந்திருக்கார். அந்த ஆர்கனும் அதே ஆள் குடுத்தது. என் மகன் இனி எந்தக் காலேஜுலயும் ஆட முடியாது. வாங்குனது என் கை. நாளைக்கு வர்ற கோச்கிட்டயும் இதையேதான் சொல்லப்போறேன்."

யாரும் ஆமென் சொல்லவில்லை. விசிறிகள் நின்றிருந்தன. பிறகு நடு வரிசையிலிருந்து யூலா டீன், தனக்குத்தானே கேட்பது போலக் கேட்டாள்.

"அப்ப நம்மள்ல ஒருத்தருமே குடுக்கலியா?"

பின்னால் யாரோ சிரித்தார்கள். யூலா டீன் திரும்பிச் சிரித்தவரைத் தேடினாள். யார் முகமும் நிமிரவில்லை.

"ரெண்டு வருஷமா எனக்குச் சொல்லிக் காட்டுன, யூலா," என்றாள் வெர்லீன். "இனிமே சொல்ல முடியாது. அந்த அட்லாண்டாக்காரனுக்கும் இனிமே யாருக்கும் போன் பண்ணிச் சொல்ல ஒண்ணும் மிச்சமில்ல. நானே சொல்லிட்டேன்."

டீக்கன் பிளெட்சோ எழுந்தார். "பாஸ்டர், இந்தச் சகோதரிக்கு உடம்பு சரியில்ல."

"உடம்பு நல்லா இருக்கு டீக்கன். அதுதான் பிரச்சினையே."

கோர்டல் கடைசி பெஞ்சிலிருந்து கத்தினான். "பையன் வாழ்க்கையில மண்ணப் போட்டுட்டியேக்கா. பேசாம இருந்திருந்தா ரெண்டு வழில ஒரு வழியாவது வேல செஞ்சிருக்கும்."

டெமெட்ரிக் எழுந்து, வாசல் நிலைக்குத் தலையைக் குனிந்து, வெளியே போய்விட்டான்.

*

அவள் வீட்டுக்கு நடந்தே வந்தாள். யாரும் காரில் ஏற்றிக்கொள்ள நிறுத்தவில்லை. இரண்டு பேர் தெரிந்தவர்கள் வேகத்தைக்கூடக் குறைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைக் காலணி சேற்றில் மாட்டி ஒரு தடவை கழன்றது. குனிந்து எடுத்தாள். விரல்கள் வாரை இழுத்துக் கொக்கியில் மாட்டின. எவ்வளவு சுலபமாக மாட்டின என்று அவளுக்கே ஆத்திரமாக வந்தது.

டெமெட்ரிக் சமையலறையில் இருந்தான். அலமாரிக் கதவு திறந்திருந்தது. விதித் தாளைக் கிழித்திருந்தான். நான்கு மூலையிலும் ஒட்டுநாடா மட்டும் மிச்சம். மேசையில் அட்லாண்டாக்காரன் கொடுத்த அச்சடித்த ஒப்பந்தம் இரண்டு துண்டாகக் கிடந்தது.

"நேத்து என்ன சொன்ன," என்றான். "நானே நடந்து போறேன்னு."

"சொன்னேன்."

"நான் காலேஜுக்குப் போகணும்னுதான் இருந்தேன். அந்தாளு போன் பண்ணாம விடுவான்னு ரெண்டு வருஷமா நெனச்சிட்டே இருந்தேன். தினமும். போன மாசம்தான் அவன்கிட்டப் போய்க் கேட்டேன். கார்ல உக்காந்து. விடுங்க சார்னு. சிரிச்சான்."

தோல் சீட்டு. அதை வைத்துத்தான் நேற்று வெர்லீன் அவனைக் குத்தியிருந்தாள். மன்னிப்பு என்ற சொல் அவள் வாய்க்குள் வந்து, அந்தச் சமையலறையில் அதற்கு இடமில்லாதது போலத் திரும்பிப் போனது.

"இன்னிக்குச் சபைல காலேஜ் கதவையும் மூடிட்ட," என்றான்.

"மூடி ரெண்டு வருஷமாச்சு. நான் பூட்ட மட்டும் காட்டுனேன்."

"என்னக் கேட்டியா?"

"நீ என்னக் கேட்டியா, என் கைய வாங்கும்போது?"

வெளியே மருந்து தெளிக்கும் சிறு விமானம் ஒன்று வயலுக்கு மேல் தாழப் பறந்து, திரும்பி, மறுபடி தாழப் பறந்தது. கண்ணாடி அதிர்ந்தது.

அவன்தான் முதலில் உட்கார்ந்தான். சிவப்புத் தொப்பியை ஒரு பக்கம் நகர்த்தினான். பள்ளி நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து மேசையில் வைத்தான்.

"லீக்குக்குப் போறவன் லீக் ஆபீசுக்கு ஒரு கடிதம் எழுதணும். ஆள் எடுக்குற தேர்வுக்கு என்னயும் சேத்துக்கோங்கன்னு. பள்ளிக்கூடக் கோச் சொல்லிருக்கார். பத்து நாள்தான் இருக்கு. ஏஜென்ட் வேணும்னு அவசியமில்ல."

"எழுது."

"என் எழுத்து புரியாது. பல தடவ டீச்சர் திருப்பிக் குடுத்திருக்கா."

அவன் பேனாவை அவள் பக்கம் தள்ளினான். கொடுக்கவில்லை, தள்ளினான். அது உருண்டு அவள் பக்க விளிம்பில் நின்றது.

வெர்லீன் உட்கார்ந்தாள். இரண்டு மணிக்கட்டிலும் தழும்பு வெள்ளைக் கோடாகத் தெரிந்தது. அவன் சொல்லச் சொல்ல எழுதினாள். பெயர், பள்ளிக்கூடம், பிறந்த தேதி. தேர்வில் கலந்துகொள்ள விரும்புகிறேன். எனக்காக யாரும் பேசவில்லை, எனக்கு ஏஜென்ட் இல்லை. அந்த வரியை அவன் இரண்டாவது தடவையும் எழுதச் சொன்னான். எழுதினாள். அடியில் ஒரு கோடும் போட்டாள்.

தாளை அவன் தன் பக்கம் இழுத்தான். நீண்ட விரல்களால் ஒவ்வொரு வரியாகத் தொட்டுக்கொண்டே படித்தான். எழுத்துகள் குண்டு குண்டாக, ஒன்றுகூட நடுங்காமல், கோடு விலகாமல் நின்றன.

"எழுத்து நல்லாத்தான் வருது உனக்கு இப்ப," என்றான். அவள் முகத்தைப் பார்க்காமலே கையெழுத்தைப் போட்டான்.